வெயிலே மருந்து

மார்ச் 2, ஞாயிறு

முகாம் நன்றாக முடிந்தது. நாற்பது பேர் வந்தால் போதும் என்றிருந்தேன். பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்துக்குள் நுழைந்த கூட்டத்தைப் பார்த்து ஊசி போதுமா என்று பயம் வந்துவிட்டது.

எல்லாரும் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பளபளவென்று சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து வந்திருந்தார்கள். இறால் கம்பெனிகளின் குளிர் அறைகளில் வேலை செய்யும் பெண்களிடம் ஜனவரியிலேயே ரத்தம் எடுத்துவிட்டோம். ஒரு கூட்டம் வெயிலிலேயே வாழ்கிறது, இன்னொரு கூட்டம் வெயிலைக் கண்ணால் பார்ப்பதில்லை. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும். அது கூடினால் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனும் கூடுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு பெண்ணிடம் இன்னும் எவ்வளவு கருமுட்டை மிச்சமிருக்கிறது என்று அந்த ஹார்மோன் குத்துமதிப்பாகச் சொல்லும். இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடியை விட்டால் உலகத்தில் வேறு ஊரே கிடையாது என்று போன வருடம் நிதிக் குழுவிடம் மேஜையைத் தட்டிச் சொன்னவள் நான்.

மைக்கில் பேசினேன். "வெயிலே மருந்து. மத்தவங்க காசு கொடுத்து மாத்திரையா வாங்குறதை நீங்க சும்மா வாங்குறீங்க. கொடுத்து வச்சவங்க" என்றேன். கை தட்டினார்கள். பின் வரிசையில் கட்டையான ஒரு பெண் ஏதோ சொல்ல, அந்த வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வெட்கப்படுகிறார்கள் போலிருக்கிறது.

ரத்தம் கொடுக்க உட்கார்ந்தவர்களில் ஜெபக்கனி என்று ஒருத்தி நினைவில் நிற்கிறாள். முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. ஊசியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இதுல பிள்ள வருமா வராதான்னு தெரிஞ்சிருமா?"

"அப்படி நேரா தெரியாது. ஹார்மோன் எப்படி இருக்குன்னு தெரியும்."

"அது வெயில்ல கூடுமோ?"

"கூடுதான்னுதான் பாக்கிறோம்."

இதில் தப்பில்லை. கூடும் என்று நான் சொல்லவில்லை, பார்க்கிறோம் என்றுதான் சொன்னேன்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைய?"

பின்னால் ஆள் நிற்கிறது, கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடியுங்கள் என்றேன்.

மார்ச் 5, புதன்

மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எங்கள் ஊழியர்கள் சிலரின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். லேப் டெக்னீஷியன் பிரின்ஸ் ஆள் தேடிக்கொண்டிருந்தார். நானும் கையை நீட்டினேன். ஆள் போதவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

மெஷின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

வரும் வழியில் குண்டு மிளகாய் இரண்டு கிலோ வாங்கினேன். மோர் மிளகாய் போடலாம் என்று. பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் நான் மோர் மிளகாய் போட்டதில்லை. துறைமுகத்திலிருந்து வந்த நெல்லையப்பன் சமையலறையில் மிளகாய்க் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கிரேன் பழுது பார்க்கிற பொறியாளர், சத்தம் வராத இடத்தில்தான் கோளாறு என்று சொல்லுகிற மனிதர். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

காக்காய் அண்டாமல் பார்த்துக்கொள்ள மாடியில் யாராவது உட்கார வேண்டும். நான் உட்காருகிறேன் என்றேன்.

மார்ச் 19, புதன்

உப்பளத்துப் பெண்களின் வைட்டமின் டி வந்துவிட்டது. குறைவு. ஒன்றிரண்டு பேருக்கு இல்லை, ஏறக்குறைய எல்லாருக்கும். குளிர் அறைக்காரிகளுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

இது நடக்கவே முடியாது. நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்பவர்கள். ரத்தம் பிடித்த குழாய்கள் வழியில் சூடாகியிருக்க வேண்டும், அல்லது மாறியிருக்க வேண்டும். பிரின்ஸைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்.

"மேடம், ஐஸ் பெட்டிய நானேதான் மடியில வச்சுக் கொண்டாந்தேன்" என்றார்.

"மடியில வச்சா சூடாகாம என்ன ஆகும்?"

முகம் சிவந்து போய்விட்டார். அந்தப் பெட்டியில் மடிச்சூடு ஏறாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

துறைத் தலைவர் ஹபீபா மேடம் அழைத்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது, குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

"கோமதி, முடிவு உனக்குப் பிடிக்கலைன்னா அது லேப் தப்பா?"

"பிடிக்கிறது பிடிக்காததுன்னு இல்ல மேடம். நம்ப முடியல."

"நம்ப முடியலைன்னா மறுபடி எடு. பிரின்ஸை ஏன் திட்டுறே?" என்று சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆளே கறுத்துப் போயிருக்கியே. எங்கேயாவது வெளியே அலையிறியா?"

மோர் மிளகாய் என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

இது மூன்றாவது சுற்று மிளகாய். முதல் இரண்டு சுற்றும் ஜாடிகளில் நிறைந்து, லேபில் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தும் தீரவில்லை.

பதினோரு மணிக்கு மாடிக்குப் போய்க் கையையும் காலையும் நீட்டி உட்கார்ந்தேன். தினமும் ஒரு மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். குறைவு என்று தெரிந்த பிறகு போடாமல் இருப்பது முட்டாள்தனம். எலும்புக்கும் நல்லது.

நெல்லையப்பன் குடையோடு மேலே வந்தார். குடையை எனக்குப் பிடிக்காமல் தன் தலைக்கே பிடித்துக்கொண்டு எதிரே குந்தினார்.

"மிளகாய் நேத்தே காஞ்சிட்டுது கோமு."

"இன்னொரு வெயில் பட்டா நல்லா இருக்கும்."

"மதுரை டாக்டர் ஜூன்ல வரச் சொன்னாரு."

"தெரியும்."

"ஒருவேளை நம்பர் கூடினா பாக்கலாம், இல்லைன்னா..."

"தெரியும்ங்க. நானும் டாக்டர்தான்."

அவர் எழுந்து போய்விட்டார். மதுரை டாக்டர் போன அக்டோபரில் சொன்னதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

லேபில் எல்லாரும் போன பிறகு கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தேன். வைட்டமின் ஒரு பக்கம், ஹார்மோன் ஒரு பக்கம். உள்ளபடி போட்டால் தரையில் கொட்டிய கடுகு மாதிரி இருக்கிறது. சூட்டில் கெட்டவை என்று பதினோரு பேரின் ரத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் கோடு ஒன்று மெல்ல மேலே ஏறுகிறது. வைட்டமின் கூடக் கூட ஹார்மோன் கூடுகிறது. எந்தப் பதினோரு பேர் என்பதை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

அழகான கோடு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை அழிக்காமல் சேமித்தும் வைத்தேன்.

போகிற போக்கில் ஜெபக்கனியின் கணக்கும் கண்ணில் பட்டது. வைட்டமின் மற்றவர்களைப் போலவே குறைவு. ஏ.எம்.ஹெச். இரண்டுக்கு மேல். அந்த வயதுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னுடையது 0.6. ஒன்பது வருடம் பிள்ளைக்கு ஏங்குகிற ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எழுதவே கூசுகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று நானே உப்பளத்துக்குப் போனேன். இரண்டு ஐஸ் பெட்டி, கூடவே பிரின்ஸ். ரத்தம் எடுத்த இடத்திலேயே குளிரில் வைத்துவிட்டால் சூடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜீப்பில் பிரின்ஸ் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் பெட்டிகளோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

வரப்பில் இறங்கினேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலேயிருந்து ஒரு வெயில், கீழே உப்பிலிருந்து ஒரு வெயில். பாத்திகளில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முகத்தை மூடி இன்னொரு துணி, கையில் உறை, காலில் பூட்ஸ். கண் மட்டும்தான் தெரிந்தது.

"லேடீஸ் எல்லாம் எங்கே?" என்று பிரின்ஸிடம் கேட்டேன்.

பக்கத்துப் பாத்தியில் நின்ற ஆண் முகத்துணியை இறக்கினார். முகாமில் பின் வரிசையில் இருந்த கட்டையான பெண். பேர் பிலோமினா.

"நாங்கதான் டாக்டரம்மா. உப்பு மேல பட்டா பொத்துப் போவும்லா, அதான் இந்த வேசம். அன்னைக்கு நீங்க மைக்குல வெயிலு வெயிலுன்னு சொல்லும்போதே இவளுவகிட்ட சொன்னேன், அந்த வெயிலு பூரா எங்க வீட்டுக்காரன் சட்டைக்குல்லா போகுதுன்னு!"

பாத்தி முழுக்கச் சிரிப்பு. பிரின்ஸும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இரண்டு வருட ஆராய்ச்சி. இவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு நான் ஒரு நாள்கூட வந்ததில்லை. வேலை நாளில் தொந்தரவு செய்யக் கூடாது என்று கோயில் மண்டபத்தில் வைத்து, அரைக்கை ரவிக்கையும் கனகாம்பரமுமாகப் பார்த்துவிட்டு, வெயிலில் வாழும் பெண்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் மட்டும் முட்டாளானதோடு போயிருக்கும்.

கடைசிப் பாத்தியில் ஒருத்தி மட்டும் சட்டை இல்லாமல், தலையில் துணி இல்லாமல், வெறும் சேலையோடு நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கிட்டப் போன பிறகுதான் ஜெபக்கனி என்று தெரிந்தது. முன்கை இரண்டும் தோலுரிந்து, உரிந்த இடத்தில் உப்புப் பட்டுப் புண்ணாகியிருந்தது. மூக்கும் கன்னமும் கன்றிப் போயிருந்தன.

"என்ன ஜெபக்கனி இது?"

"நீங்க சொன்னீயல்லா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "அன்னையில இருந்து மூடலைம்மா. ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம்லா, அதையும் ஒரு ஒறுத்தலா நெனச்சிக்கிட்டேன்."

பிலோமினா பின்னாலேயே வந்துவிட்டாள். "நாங்க சொன்னா கேக்காளா? டாக்டரம்மா சொன்னாவ, டாக்டரம்மா சொன்னாவன்னு ஒரே பாட்டு. ராத்திரி எரிச்சல்ல அழுதாளாம், அவ மாமியாரு சொன்னா."

மூடிக்கொள்ளச் சொன்னேன். பையிலிருந்த களிம்பைக் கொடுத்தேன். அவள் களிம்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாளே தவிர மூடிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

"ரிசல்ட்டு வந்துட்டா டாக்டரம்மா?"

"இன்னும் முழுசா வரலை" என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

எழுத ஒன்றுமில்லை. மாடிக்குப் போனேன். உட்கார முடியவில்லை, அவள் கைதான் கண் முன்னால் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

உப்பளத்தில் எடுத்த ரத்தமும் அதையேதான் சொல்கிறது. ஐஸ் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

எல்லார் முன்னாலும் திட்டியதை எல்லார் முன்னாலும்தான் திரும்ப வாங்க வேண்டும். மதியம் லேபில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "பிரின்ஸ், தப்பு என்னுது, உங்க மேல போட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்ந்தார்.

"பரவால்ல மேடம். ஆனா இனிமே மோர் மிளகா மட்டும் குடுக்காதீங்க. வீட்டுல வச்சுக்க இடமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஹபீபா மேடத்திடம் போய்ச் சொன்னேன். உப்பளத்துப் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு என்பதே ஒரு கண்டுபிடிப்புதான், அதை எழுது, எல்லாருக்கும் மாத்திரைக்கு ஏற்பாடு செய் என்றார். ஹார்மோன் பக்கம்? அங்கே ஒன்றும் இல்லை மேடம் என்றேன். பதினோரு பேரை வெளியே தள்ளிய அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவுமில்லை.

மே 14, புதன்

என் ரத்தத்தை இரண்டாம் முறை கொடுத்தேன். மெஷினைச் சரிபார்க்க என்றேன். மெஷின் போன வாரம்தான் சரிபார்த்தது என்று பிரின்ஸ் சொல்லவில்லை. குழாயை வாங்கி, அதில் பேர் எழுதாமல், தனியாகத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாலையில் ஒரு சிறு தாளை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வைட்டமின் டி பதினொன்றிலிருந்து முப்பத்தெட்டு. மாடியும் மாத்திரையும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கின்றன.

ஏ.எம்.ஹெச். 0.5.

மே 15, வியாழன்

காலையில் நெல்லையப்பனிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு மாடி விசயம் மொத நாளே தெரியும் கோமு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"ஒருவேளை கூடிருச்சுன்னா? நான் எதுக்கு நடுவுல வாயைத் தெறக்கணும்னு இருந்தேன். உனக்காக மட்டுமில்ல. எனக்கும் ஆசை இருக்காதா?"

அவருக்கும் ஆசை இருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. என் எண், என் தோல்வி, என் வெயில் என்றே இருந்துவிட்டேன். அவர் எதிரே குடை பிடித்துக் குந்தியிருந்தது எனக்குக் காவலாகத்தான் போலிருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். அக்டோபரில் மதுரை டாக்டர் சொன்னது இது: உங்கள் சொந்த முட்டையை நம்பி இனி வைத்தியம் செய்வது வீண். இன்னொரு பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெறலாம், அல்லது தத்தெடுக்கலாம். யோசித்துவிட்டு ஜூனில் வாருங்கள். நான் யோசிக்கவில்லை. மிளகாய் காயவைத்தேன்.

அந்தக் கோப்பை லேபுக்குப் போனதும் முதல் வேலையாக அழித்தேன். ஜெபக்கனி இன்னும் வெயிலில்தான் நிற்பாள்.

மே 20, செவ்வாய்

போனேன். நான் மட்டும் ஆட்டோவில். உப்பளத்து ஓரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருக்கிறது, அங்கேதான் கஞ்சி குடிப்பார்கள். மற்றவர்கள் குடித்துவிட்டுப் பாத்திக்குத் திரும்பிவிட்டார்கள். ஜெபக்கனி தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் பழைய புண் ஆறிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதுப் புண். நான் கொட்டகைக்கு வெளியே வரப்பிலேயே நின்றுகொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

"ரிசல்ட் வந்துட்டு ஜெபக்கனி. அன்னைக்கு வரலைன்னு சொன்னது பொய். அப்பவே வந்துட்டு."

கழுவுவதை நிறுத்தினாள்.

"வெயில்ல நின்னா அந்த ஹார்மோன் கூடலை. யாருக்கும் கூடலை. வெயிலே மருந்துன்னு மைக்குல நான் பேசினது தெரியாமப் பேசினது. நீங்க நின்னதுக்கெல்லாம் ஒரு பிரயோசனமும் இல்லை. கை வெந்ததுதான் மிச்சம்."

"அப்பம் எனக்கு இல்லையா?" குரல் உடைந்துவிட்டது.

"அப்படியும் இல்லை. உங்க நம்பர் நல்லாத்தான் இருக்கு. முதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு. அந்த நம்பர் நல்லா இருந்தா பிள்ளை வந்துரும்னும் சத்தியம் பண்ண முடியாது. உங்க வீட்டுக்காரருக்கு என்னைக்காவது பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?"

"அவுகளுக்கு எதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் பாக்கணும். அவரைக் கூட்டிட்டு வாங்க, நானே கூட இருந்து பாக்க வைக்கிறேன்."

"அவுக வருவாகளான்னு தெரியலையே" என்று முணுமுணுத்தாள். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

"எம்மா, மூணு மாசம். வெந்து வெந்து நின்னேன். எங்க மாமியாரு பைத்தியம்னு சொன்னாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தீயன்னா அன்னைக்கே மூடிருப்பேம்லா? உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீய. பிள்ள இல்லாதவளுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் இல்லை ஜெபக்கனி."

அவள் ஈரக் கையைச் சேலையில் ஒற்றிக்கொண்டாள்.

"என் நம்பர் உங்க நம்பர்ல கால்வாசி. நானும் வீட்டு மாடியில ரெண்டு மாசம் வெயில்ல உட்கார்ந்தேன். மிளகாய் காயப்போடுறேன்னு பொய் சொல்லிட்டு உட்கார்ந்தேன். கூடலை. குறைஞ்சுதான் போச்சு."

"படிச்ச நீங்களுமா?"

"ம்."

"இனி என்ன செய்யப் போறீய?"

"மதுரையில ஒரு டாக்டர் இருக்கார். என்னோடது வேண்டாம், வேற வழியில பிள்ளை பெறலாம், இல்லைன்னா எடுத்து வளக்கலாம்னு சொன்னார். இத்தனை நாளா காதுலயே போட்டுக்கலை. வீட்டுக்காரரோட போயி என்னன்னு கேக்கணும்."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் நின்ற இடத்திலேயே அழுதேன். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஜெபக்கனி கொட்டகைக் கம்பில் மாட்டியிருந்த கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்தாள். அவள் வீட்டுக்காரருடையது. மூன்று மாதமாக அங்கேயே தொங்கியிருக்க வேண்டும், உதறியதும் உப்புத் தூசி பறந்தது. புண் உரசாமல் மெதுவாகக் கையை நுழைத்துப் போட்டுக்கொண்டாள். மணிக்கட்டுப் பொத்தானை மாட்ட விரல் மடங்கவில்லை. அதோடு விட்டுவிட்டு, தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கூடாதுன்னு தெரிஞ்ச பொறவும் அந்த வெயில்ல ஏன் நிக்கீய?" என்றாள். குரலில் இன்னும் கோபம் போகவில்லை. "நிழலுக்கு வாங்க. வந்து இந்தப் பொத்தான மாட்டி விடுங்க."

போய் மாட்டிவிட்டேன்.